தீர்த்தத்தில் ஓடிய கிடா வண்டி

எண்பதுகளின் நடுவில், கடத்தூர்ப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளியில் லேப் அசிஸ்டென்ட் வேலை காலியாக இருந்தது. நான் பி.எஸ்சி. இயற்பியல்; இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. தலைமை ஆசிரியையான சிஸ்டர் சர்டிபிகேட்டைப் புரட்டக்கூட இல்லை. "திருவிழா அன்னைக்கு எக்ஸிபிஷன் இருக்கு. கிடா வண்டி ஒண்ணு செஞ்சு கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

கிடா வண்டி என்றால் பேட்டரியில் ஓடும் தகர வண்டி. நீள பெஞ்சில் இரண்டை எதிரெதிரே விட்டு முட்ட விடுவார்கள். பின்வாங்கிக் கோட்டைத் தாண்டிய வண்டி தோற்றது. பள்ளியின் அறிவியல் வாத்தியார் வண்டியை அதுவரை எதுவும் வென்றதில்லை. சுவிட்சைப் போட்டால் அது பாயும், அவ்வளவுதான்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் ஜெயிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வீட்டு ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோலைக் கழற்றி என் தகர வண்டியின் மோட்டாரோடு இணைத்தேன். கண்ட்ரோல் ஊதுவத்தி போலப் புகைந்து அணைந்தது. கணவர் முகர்ந்து பார்த்தார்.

"ஏன்டி, நியூஸ் கேக்கறதுக்கு இனி பக்கத்து வூட்டுக்குப் போவணுமா?"

"வேல கெடச்சா புது ரேடியோ வாங்கிக்கலாங்க."

"கெடைக்கலன்னா?"

எனக்கும் அதே கேள்விதான்.

அப்புறம் ஊர் நாடகக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். மேடை விளக்கை மங்கவைக்க அவர்கள் உப்புத் தண்ணீரில் தகடு இறக்குவார்கள். பழைய டார்ச் பேட்டரிக் கட்டைகளை உடைத்து இரண்டு கரிக்குச்சிகளை எடுத்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் உப்புத் தண்ணீர். ஒரு குச்சி அடியில் நிலையாக, மற்றது என் கையில். கையிலுள்ளதை இறக்க இறக்க மோட்டார் வேகம் பிடித்தது. தண்ணீரிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. குழந்தைக்கு ஆகாதோ என்று ஜன்னலைத் திறந்தேன். குளிர் காற்று பட்டுவிடுமோ என்று மூடினேன்.

திருவிழா அன்று, எங்கள் முறை வர ஐந்து நிமிடம் இருக்கும்போது குழந்தை காலை உதைத்தது. பாட்டில் கவிழ்ந்து தண்ணீரெல்லாம் தரைக்குப் போனது. குழாயில் காற்றுதான் வந்தது. ஃபிளாஸ்கில் இருந்தது குழந்தையின் வெந்நீர். உப்புக்கு எங்கே போவது?

எதிரே மாதா கோயில். வாசலில் தீர்த்தத் தொட்டி. எங்கள் பங்குச் சாமியார் பழைய முறைக்காரர். தீர்த்தம் மந்திரிக்கும்போது கை நிறைய உப்பு போடுவார் என்பது எனக்குத் தெரியும். முதலில் சிலுவை போட்டுக்கொண்டேன், பிறகு பாட்டிலை முக்கினேன். இதைச் சின்னப் பாவத்தில் சேர்ப்பதா பெரிய பாவத்தில் சேர்ப்பதா என்று பெஞ்சு வரை யோசித்தபடி ஓடினேன்.

வாத்தியார் வண்டி பாய்ந்து முட்டியது. அதன் சக்கரங்கள் வழுவழு பெஞ்சில் வீணாகச் சுழன்றன. நான் குச்சியை மெல்ல இறக்கினேன். என் வண்டி வழுக்காமல், எருமை போல, அதைத் தள்ளிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டவைத்தது.

சிஸ்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "உப்பு எவ்வளவு போட்டீங்க?"

ஒரு ஸ்பூன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "நான் போடலீங்க சிஸ்டர். சாமியார் போட்டது. தொட்டியில மொண்டேன்."

வாத்தியார் விடவில்லை. "சாமி பலத்துல ஜெயிச்சா செல்லாதுங்க சிஸ்டர்."

"தொட்டியில இன்னும் இருக்கு, சார். உங்க வண்டிக்கும் தெளிச்சுக்கிட்டு மறுபடி முட்டுங்க." சொல்லிவிட்டு சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"சாமியார்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க. திங்கக்கெழம லேப்புக்கு வாங்க. குழந்தையத் தூக்கிட்டு வரலாம். ஆனா ஆசிட் அலமாரி சரியா மூடாது."

கூட வந்திருந்த கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட மனம் அந்த அலமாரியில்தான் இருந்தது. திங்கட்கிழமை ஒரு தாழ்ப்பாளும் நான்கு ஸ்க்ரூவும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.