மாரியப்பனின் ஞாயிற்றுக்கிழமை விமானம்

திருவொற்றியூர் இரும்பு யார்டு ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவன் மாரியப்பன். உச்சிக் கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிற கிரேன் இல்லை. கீழே நின்று, இடுப்புப் பட்டையில் ரிமோட்டைக் கட்டிக்கொண்டு, பத்து டன் தகட்டை நாய்க்குட்டி போல நடத்திக்கொண்டு போகிற வேலை. பத்தொன்பது வருஷமாக ராத்திரி ஷிப்டு. பகல் ஷிப்டு தருகிறோம் என்று கம்பெனி சொல்வதும் தராமல் விடுவதும் வருஷா வருஷம் தவறாமல் நடக்கும்.

இத்தனை நேரம் ரிமோட் பிடித்த கை வீட்டிலாவது சும்மா இருக்கலாம். இருக்கவில்லை. காசிமேட்டில் மீன் அடைத்து வரும் தெர்மாகோல் பெட்டியை அறுத்து ஒட்டி, இரண்டு முழ இறக்கையில் ஒரு குட்டி விமானம் செய்தான். மோட்டாரும், ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரிசீவரும் யாரோ கழித்துப் போட்டவை. எத்தனை முறை கழுவினாலும் விமானத்தில் சங்கரா மீன் வாடை போகவில்லை.

மனைவி செங்கொடி, பழைய தொழிற்சங்கத்துக்காரரின் மகள். இறால் கம்பெனியில் பகல் வேலை. அவளை ஏற்றிக்கொண்டு வேன் ஆறரைக்குப் போகும். அவன் ஏழு மணிக்கு வந்து சேருவான். சாயங்காலம் அவள் திரும்பும்போது அவன் கிளம்பிப் போயிருப்பான். ஒரே கட்டிலில் ஆள் மாற்றி ஆள் படுக்கிற குடித்தனம். ஞாயிறு அவளுக்கு லீவு, அவனுக்குக் கிடையாது. சனி ராத்திரி மட்டும் ஷிப்டு ஒரு மணி நேரம் முன்னால் முடியும். ஞாயிறு காலை வந்து விழுந்தால் சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பத்தான் எழுந்திருப்பான். அப்படி விழுவதற்கு முன்னால், கார்ப்பரேஷன் பார்க்கில் விமானம் விடுகிற அரை மணி நேரம்தான் அவர்களுடைய கல்யாண வாழ்க்கை. சிரிக்க வேண்டாம், அதுகூட இல்லாதவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

அந்த அரை மணியும் லேசில் கிடைத்துவிடவில்லை. காலை நடைக்காரர்களுக்குத் தலைவி வரலட்சுமி அம்மா, தபாலாபீசில் ஓய்வு பெற்றவர். நடக்கிறவர் மண்டையில் விழுந்தால் யார் ஜவாப்பு என்று ஒரு மாதம் விரட்டினார். பிறகு தானே ஒரு தாளில் சட்டம் எழுதி வாட்ச்மேன் அறையில் ஒட்டினார். வடக்குத் திடலில் மட்டும். மரத்துக்கு மேலே போகக் கூடாது. இறக்கையில் போன் நம்பர் எழுதியிருக்க வேண்டும். விடுகிறவன் கண் விமானத்தை விட்டு எடுக்கக் கூடாது. கூட ஒருவர் விசிலோடு நின்று ஆள் வருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும், விசில் கேட்டதும் இறக்கிவிட வேண்டும்.

விசில் செங்கொடிக்கு வந்தது. மாரியப்பன் மணலிப் பக்கத்து ஆலைப் புகையைப் பார்த்துக் காற்றைக் கணிப்பான். புகை ரொம்பச் சாய்ந்திருந்தால் பையைப் பிரிக்காமலே திரும்பிப் போய்ப் படுத்துவிடுவான். அந்த வாரம் முழுக்க செங்கொடியின் முகம் தொங்கிக் கிடக்கும்.

இறக்கிய பிறகும் ஒரு ஒழுங்கு உண்டு. அவள் போய் விமானத்தை எடுத்து, பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கை தூக்குவாள். அதன் பிறகுதான் அவன் ரிமோட்டை அணைக்க வேண்டும். யார்டில் கதையே வேறு. சரக்கு தரையில் உட்கார்ந்ததும் ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அமுக்கு, கிரேன் பிரேக் போட்டு நிற்கும். அதுதான் முதல் பாடம். பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பகல் ஷிப்டு ஆள் வரவில்லை. மாரியப்பன் மத்தியானமே போய், ராத்திரி ஷிப்டோடு அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, பதினாறு மணி நேரம் நின்ற காலோடு ஞாயிறு காலை நேராகப் பார்க்குக்கு வந்தான். வீட்டுக்குப் போ என்று அவளும் சொல்லவில்லை, போகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. வாரம் பூராவும் காத்திருந்தது போய்விடுமே என்று இரண்டு பேருக்கும் ஒரே பயம். விமானம் நன்றாகத்தான் பறந்தது, புல்லில் பூப்போல இறங்கியது. செங்கொடி போய் எடுத்தாள். தகடு தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அவன் கட்டைவிரல் நினைத்துக்கொண்டது. ரிமோட்டை அணைத்துவிட்டான்.

ரிமோட் செத்தால் நிற்க வேண்டும் என்பது அந்தப் பழைய ரிசீவருக்குத் தெரியாது. விமானத்தின் மூக்கில் இருந்த காற்றாடி முழு வேகத்தில் சுற்றியது. அவளுடைய வலது கையில் இரண்டு விரல், உள்ளங்கை, ஏழு தையல். புண்ணுள்ள கையோடு இறாலைத் தொடக் கூடாது, ஆறும்வரை வராதே என்று கம்பெனி சொல்லிவிட்டது.

வரலட்சுமி அம்மா திட்டுவார் என்று மாரியப்பன் காத்திருந்தான், திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அவர் பேனாவை நீட்டி, சட்டத்தில் இன்னும் என்ன எழுதலாம் என்று செங்கொடியைத்தான் கேட்டார். தூங்காத ஆள் விமானம் விடக் கூடாது என்று அவள் சொன்னாள். அந்த ஒரு வரியோடு ஞாயிறு முடிந்துபோனது என்று மாரியப்பனுக்குப் புரிந்தது. ஞாயிறு காலையில் தூங்கி எழுந்த ஆளாக அவன் என்றைக்கு இருந்திருக்கிறான்?

அடுத்த ஞாயிறு அவன் விமானத்தை உடைத்துப் போட எடுத்தான். அவள் அதை வாங்கிப் பரண்மேல் வைத்தாள். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு அவனைப் பார்க்குக்கு இழுத்துப் போனாள். வடக்குத் திடல் பெஞ்சில் உட்கார்ந்து மடியைத் தட்டிக் காட்டினாள்.

"படு. பசங்கோ பந்து ஆடிகினு வந்தா நான் ஊதறேன்."

வெட்கமாக இருந்தது. நடைக்காரர்கள் பார்ப்பார்களே என்று சுற்றிலும் பார்த்தான். களைப்பு வெட்கத்தைவிடப் பெரியது, படுத்துவிட்டான்.

கண் விழித்தபோது மணி எட்டரை. நடைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். முகத்தில் வெயில் விழாமல் கட்டுப்போட்ட கையை அவள் குடையாகப் பிடித்திருந்தாள். விசில் இன்னும் வாயிலேயே இருந்தது, ஒரு தடவைகூட ஊதவில்லை. நம் நேரத்தையெல்லாம் தூங்கியே தொலைத்துவிட்டேனே என்று அவளிடம் சொன்னான்.

அவள் விசிலை எடுத்தாள்.

"பிளேன் வுட்டா நீ மேல பாத்துகினு கீற, நான் ஆள பாத்துகினு கீறேன். இன்னிக்கித்தான்யா உன் மூஞ்ச பாத்தேன். எவ்ளோ நரச்சிப்போச்சு உனுக்கு."

மாரியப்பன் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று அப்படியே கிடந்தான்.