தொத்தோரியை வித்த ஆறு மாசம்

காணாத ஊரைக் காணாத ஆக்களுக்கு விக்கிறதுதான் எங்கட தொழில். விக்கிற நானும் அந்த ஊரைக் கண்டதில்லை எண்டது கஸ்டமருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

மேசைக்குப் பின்னால இருந்து, உள்ளுக்குக் கொதிச்சுக்கொண்டு வெளியில பல்லைக் காட்டின எல்லாருக்கும் இதை எழுதுறன். நீங்கள் பாங்கில இருந்தாலும் சரி, போன் கடையில நிண்டாலும் சரி, நீங்களும் நானும் ஒரே கூட்டம். ஒரேயொரு வித்தியாசம், எனக்குப் பல்லைக் காட்ட வராது.

நான் கம்பஸில கடைசி வருசம். யப்பான் மொழி படிச்சனான். கடைசி வருசத்தில ஆறு மாசம் எங்கையாவது வேலை பழகோணும், பழக்கின ஆள் முடிவில ஒரு தாளில புள்ளி போட்டுக் கையெழுத்து வைக்கோணும். அந்தக் கையெழுத்து இல்லையெண்டால் பட்டம் இல்லை. எனக்கு ஆம்பிட்டது உள்துறைமுக வீதியில, ஒரு வலைக்கடைக்கு மேல இருந்த சின்னக் கந்தோர். யப்பானில தொத்தோரி எண்டொரு மாகாணம் இருக்கு. அங்கத்தைய ஹோட்டல்காரர், தோட்டக்காரர், மீன்காரர் கொஞ்சப் பேர் சேந்து திறந்தது. திருகோணமலையில இருந்து சுற்றிப் பாக்கப் போறவையும் வேணுமாம், அங்க சேந்து தொழில் செய்ய முதல் போடுறவையும் வேணுமாம். அங்கயிருந்து வந்தவர் ஒகாதா சான். ‘சான்’ எண்டால் மரியாதைக்குச் சேக்கிறது. மனேஜர் கிண்ணியா ஊர் ரிஸ்வி நானா, ‘நானா’ எண்டால் முஸ்லிம் ஆக்கள் அண்ணனைக் கூப்பிடுறது. மூண்டாவது நான். கையெழுத்து வைக்கிற ஆள் ஒகாதா சான். முதல் நாளே ரிஸ்வி நானாவோட மின்விசிறி ஆருக்குச் சுத்தோணும் எண்டதில சண்டை. முடிய அவர் சொன்னார்: "புள்ள, உங்கட வாய் கையெழுத்துக்கு ஆகாது."

ஒட்டகம்

சுவரில பெரிய படம் ஒண்டு. தொத்தோரியின்ர மணல்மேடு. கடலோட ஒட்டி மலை மாதிரி மணல், ஒரு மூலையில தீப்பெட்டி அளவில ஒட்டகம். ஒகாதா சானுக்கு அந்தப் படமெண்டால் உயிர். முதல் வந்த கஸ்டமர் நிலாவெளிக் கடற்கரையில கெஸ்ட்ஹவுஸ் வச்சிருக்கிற செல்வராசா அண்ணை. கதிரையில இருந்து படத்தையே பாத்தார். "இது என்ன தங்கச்சி, மணலோ?" ஓம் எண்டன். "நான் காலமை எழும்பி வாசல்ல கூட்டி அள்ளுறதும் உதுதான். இதைப் பாக்க பிளேன் ஏறோணுமோ?"

வேற ஆள் எண்டால் சிரிச்சுச் சமாளிச்சிருக்கும். எனக்குக் கோவம் ஏறிட்டுது. "அண்ணை, உங்கட கெஸ்ட்ஹவுசுக்கு வாற வெள்ளைக்காரர் தங்கட நாட்டில கடல் இல்லாமலோ வருகினம்? அவையளும் ‘இது கடல்தானே’ எண்டு திரும்பினால் நீங்கள் ஆருக்கு ரூம் குடுப்பியள்? அங்க மாரியில இந்த மணலுக்கு மேல பனி கொட்டும். உங்கட வாசல்ல கொட்டுமோ?" ரிஸ்வி நானா பின்னால இருந்து இருமினார். செல்வராசா அண்ணை தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சார். கதவடியில திரும்பி நிண்டு சொன்னார்: "நீ சொல்லுறது சரி தங்கச்சி, ஆனா ஒட்டகத்தைப் பெருசாப் போடுங்கோ, மணல் எங்களிட்ட இருக்கு."

சொல்லக்கூடாத விசயம்

யப்பானில ஆக்கள் ஆகக் குறைஞ்ச மாகாணம் தொத்தோரிதான். அதைச் சொல்லக்கூடாதெண்டு ஒகாதா சானின்ர கட்டளை. ஆக்கள் இல்லாத இடத்தில ஆர் முதல் போடுவினம் எண்டு அவருக்கு வெக்கம். மறைச்சு வித்தால் வாங்கினவன் நாளைக்கு வந்து சட்டையைப் பிடிப்பான் எண்டு நான். யப்பான் மொழியில சண்டை பிடிச்சம். ரிஸ்வி நானாவுக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல, நான் கையை ஆட்டின ஆட்டில முழுக்க விளங்கிட்டுது.

அண்டைக்குத்தான் மூதூரில அரிசி ஆலை வச்சிருக்கிற ஹனிபா ஹாஜியார் வந்தார். பேரிக்காய்த் தோட்டத்தைச் சொன்னன், நண்டைச் சொன்னன், வெந்நீர் ஊத்தைச் சொன்னன். "வெந்நீர் ஊத்து நம்மட கன்னியாவிலயும் இரிக்கி" எண்டார். மனுசன் அசையேல்ல. கடைசியில கேட்டார், அங்க நம்மட ஆக்கள் ஆரும் இரிக்காங்களா எண்டு. நான் ஒகாதா சானைப் பாத்தன். பாத்துக்கொண்டே தமிழில சொன்னன்: "ஒருத்தரும் இல்லை ஹாஜியார். அவையின்ர ஆக்களே குறைவு." ஹாஜியார் நிமிந்து இருந்தார். முகத்தில அப்பிடியொரு வெளிச்சம். "அப்ப ஒரு கிழமைக்கு ஒருத்தனும் வந்து என்ட கதவத் தட்டமாட்டான், அந்த ஊரு எங்க இரிக்கெண்டு காட்டுங்க மகள்."

அஞ்சுக்கு அஞ்சு

யப்பான்காரருக்குப் படிவம் நிரப்பாட்டி நித்திரை வராது. வாற ஒவ்வொருத்தரும் போகேக்க ஒரு தாளில ஒண்டில இருந்து அஞ்சு வரைக்கும் புள்ளி போடோணும். விளக்கம் எப்பிடி? படம் எப்பிடி? வருவீங்களோ? அதைத் தமிழில மாத்தினது நான். தொத்தோரிக்குப் போய் வந்த ஆக்களுக்கு அடிச்ச பழைய தாளில இருந்து அவசரத்தில ஒரு கேள்வியையும் சேத்து மாத்திப்போட்டன்: ‘பனியில் நடந்த அனுபவம் எப்படி இருந்தது?’ பிழை என்ரதான், ஒத்துக்கொள்ளுறன்.

ஒரு மாசத்துக்குப் பிறகுதான் கண்டன். கண்டு தலையில கை வச்சன். பனியையே காணாத அத்தனை பேரும் பனியில நடந்ததுக்கு அஞ்சு போட்டிருக்கினம். ‘வருவீங்களோ’ எண்டதுக்கும் அஞ்சு. கீழ ‘கட்டாயம்’ எண்டு வேற எழுதி, அடிக்கோடு. ஆத்திரத்தில, தாள் நிரப்பின பாங்க் மிஸ் ஒராளை மாக்கற்றில மறிச்சன். மரக்கறிப் பையோட நிண்டவ. "மிஸ், நீங்கள் எப்ப பனியில நடந்தனீங்கள்?" அவ கொஞ்சமும் கூச்சப்படேல்ல. பையை மற்றக் கைக்கு மாத்திப்போட்டு என்னைப் பாவம் பாத்தமாதிரிக் கேட்டா: "போன வீட்டில தேத்தண்ணி நல்லா இல்லையெண்டு ஆராவது முகத்துக்கு நேர சொல்லுவினமோ பிள்ளை?"

சாதகம்

எங்கட ஆக்கள்தான் இப்பிடியெண்டு நினைச்சன். தொத்தோரி மீன்காரர் நாலு பேர் வந்தினம். ஒகாதா சானும் நானும் அவையளைச் சல்லி எண்ட மீன்பிடி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனம். அங்க ஜெயம் அண்ணை கணவாய் மீன் காயப்போடுற ஆள். தொத்தோரியில கணவாய் எண்டால் சரியான விருப்பம். வந்தவை குனிஞ்சு கும்பிட்டினம், பிச்சுத் திண்டினம், படம் எடுத்தினம், "யோசிச்சுப் பாக்கிறம்" எண்டு சொல்லிட்டுப் போயிட்டினம். நான்தான் மொழிபெயர்த்தனான். ஜெயம் அண்ணை அதை நம்பி, கொழும்பு வியாபாரிக்குக் குடுக்கிறதை நிப்பாட்டி வச்சிட்டு, ஒவ்வொரு நாளும் எனக்குப் போன். "யோசிச்சிட்டினமோ தங்கச்சி?"

யப்பான் மொழி படிச்ச ஆருக்கும் தெரியும், அந்த யோசினை முடியிற யோசினை இல்லை. ஒகாதா சானை மறிச்சு, ஓமோ இல்லையோ எண்டு கேட்டன். ஜன்னலால துறைமுகத்தைப் பாத்தார். எனக்கு விளங்கிட்டுது. சொல்லாதைங்க, அந்தாள் பாவம் எண்டார் ரிஸ்வி நானா. சொல்லாட்டித்தான் பாவம் எண்டு சைக்கிளை எடுத்தன். சல்லியில ஜெயம் அண்ணை கணவாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிண்டார். "அண்ணை, உங்கட மகளைப் பொம்பிளை கேட்டு ஆக்கள் வருகினம். உங்களுக்கு விருப்பமில்லை. என்ன சொல்லி அனுப்புவியள்?" எண்டு கேட்டன். "சாதகம் பாத்திட்டுச் சொல்லுறம் எண்டு…" எண்டவர் அப்பிடியே நிண்டார். கையில இருந்த கணவாயை வெயிலுக்குத் தூக்கி, முன்னும் பின்னும் பாத்தார்: "அப்ப என்ர கணவாய்க்குச் சாதகம் பொருந்தேல்லையோ?"

பாஸ்போட்

கையெழுத்துக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க ஒகாதா சான் ஓடி வந்தார். மனுசன் ஓடி நான் அண்டைக்குத்தான் கண்டன். படிவமெல்லாம் பாத்துத் தொத்தோரியில கொண்டாட்டமாம். அஞ்சு போட்ட அத்தனை பேருக்கும் சேத்து ஒரு விடுதியை முழுக்கப் பிடிக்கப் போகினமாம், பள்ளிக்கூடப் பிள்ளையள் எங்கட கொடியோட வந்து நிக்குங்களாம். நாளைக்கு அவர் ‘சரி’ எண்டு பதில் எழுதோணும். ரிஸ்வி நானா என்ர முகத்தைப் பாத்திட்டுக் காதுக்குள்ள சொன்னார், ரெண்டு கிழமைக்கு வாயப் பூட்டுங்க, கையெழுத்த வாங்கிட்டுச் சொல்லுங்க எண்டு. பூட்டினன். உண்மையாப் பூட்டினன். பின்னேரம் வரைக்கும். கொடி பிடிச்சுக்கொண்டு குளிருக்க நிக்கப்போற பிள்ளையளும், போனைப் பாத்துக்கொண்டு நிண்ட ஜெயம் அண்ணையும் ஒரே வரிசையில கண்ணுக்கு முன்னால நிண்டினம். படிவக் கட்டைத் தூக்கி ஒகாதா சானின்ர மேசையில போட்டன். பனிக் கேள்வியைக் காட்டி, அது என்ர பிழை எண்டதையும் சொன்னன். "இதில ஒருத்தரும் வரமாட்டினம். எங்கட ஊரில அஞ்சு எண்டால், யோசிச்சுப் பாக்கிறம்." அவர் பல்லுக்குள்ளால காத்தை இழுத்தார். மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி.

ரெண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கினார். நான் எல்லாருக்கும் போன் அடிச்சன். ஒருத்தரும் ‘இல்லை’ எண்டு சொல்லேல்ல. திருவிழா முடியட்டும், சோதினை முடியட்டும், வெள்ளாமை வெட்டட்டும், கட்டாயம் வருவம். கத்திப் பாத்தன், பயனில்லை. பிறகுதான் மூளை வேலை செஞ்சுது. திரும்ப அடிச்சு ஒரே வசனம்: வாறவை புதன்கிழமை பின்னேரத்துக்கு முதல் பாஸ்போட்டைக் கொண்டு வாங்கோ. புதன்கிழமை அஞ்சு பேர் வந்தினம். செல்வராசா அண்ணை, ஒட்டகத்துக்காக. ஹனிபா ஹாஜியார், கதவு தட்டாத ஊருக்காக. உப்புவெளியில சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிற புருசனும் பெஞ்சாதியும், நண்டுக்காக. பாங்க் மிஸ் பாஸ்போட்டுக்குப் பதிலா ஒரு பெட்டி தொதல் இனிப்பு அனுப்பியிருந்தா. ஆறு மாசத்தில எனக்குக் கிடைச்ச ஒரே நேரான ‘இல்லை’ அதுதான், நல்ல ருசி. அஞ்சாவது பாஸ்போட் ஜெயம் அண்ணையின்ரது. ஏன் அண்ணை, அவைதான் இல்லையெண்டிட்டினமே எண்டன். மேசையில அதைத் தட்டி வச்சார்: "இல்லையெண்டதை நீ சொல்லிப்போட்டாய், ஏனெண்டதை அவையளிட்ட நேர கேக்கப் போறன்."

கடைசித் தாள்

அஞ்சு பேர்தான் எண்டு ஒகாதா சான் எழுதினார். விடுதி போய் நாலு அறை ஆச்சுது. அதுக்குப் பிறகு அவர் என்னோட கதைக்கேல்ல. ஒகாதா சான் கதைக்காமல் விடுறது நான் கத்துறதை விட மோசம். கையெழுத்து போச்செண்டு நானும் முடிவெடுத்து, இன்னொரு ஆறு மாசத்துக்கு எங்க போறதெண்டு தேடத் தொடங்கிட்டன்.

கடைசி நாள் பின்னேரம் தாளை ரெண்டு கையாலயும் பிடிச்சு நீட்டினார். கையெழுத்து இருந்துது. பக்கத்தில சிவப்பு முத்திரையும் குத்தியிருந்தார், கம்பஸ் அதைக் கேக்கவேயில்லை. நேரத்துக்கு வாறது, அஞ்சு. மொழி, அஞ்சு. நேர்மை, அஞ்சு. வாடிக்கையாளரோட பணிவு, ஒண்டு. கையெழுத்து கிடைச்சிட்டு, எடுத்துக்கொண்டு ஓடுங்க புள்ள எண்டு ரிஸ்வி நானா கத்துறார். நான் ஓடேல்ல. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தன். "ஒண்டோ? நான் பணிவாக் கதைச்சிருந்தால் இந்த அஞ்சு பேரும் வந்திருப்பினமோ?" ஒகாதா சான் அமைதியாச் சொன்னார், எல்லாத்துக்கும் அஞ்சு போட்ட தாளை நம்பாதைங்கோ எண்டு எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தானே தர்ஷி சான் எண்டு. தாளைத் திருப்பி அவருக்கு முன்னால வச்சன். நான் விடேல்ல. "அப்ப ரெண்டாவது போடுங்கோ." அவர் எழும்பினார், இடுப்பை மடிச்சுக் குனிஞ்சார், நிமிந்து, சல்லியில நான் மொழிபெயர்த்த அதே சொல்லை அதே தமிழில சொன்னார்: "யோசிச்சுப் பாக்கிறம்."

ஆக ஆறு மாசத்தில அஞ்சு பேரைத் தொத்தோரிக்கு அனுப்பினன், பணிவுக்கு ஒண்டு வாங்கினன், பட்டத்துக்குக் கையெழுத்தும் வாங்கினன். அந்த ஊரை மட்டும் நான் இன்னும் அந்த ஒட்டகப் படத்திலதான் பாக்கிறன்.