சம்பந்தியம்மாவும் நாளைய வானிலையும்

அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் அக்கா வீட்டுச் சமையலறை. குக்கர் விசில்களுக்கு நடுவே ஐபேடில் ஒரு அந்நிய ஆண்குரல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்லோவேனியா நாட்டு வானொலியின் வானிலை அறிக்கை. அக்கா கீரை ஆய்ந்தபடியே அந்த ஆளோடு சேர்ந்து முணுமுணுப்பாள். முதல் தடவை கேட்டபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. திருநெல்வேலியில் இருந்தவரை மழை வருமா என்று வானத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காதவள் அவள்.

எல்லாம் மகள் கல்யாணத்துக்காக. மாப்பிள்ளை ஹூஸ்டனில் வேலை பார்க்கும் ஸ்லோவேனியப் பையன். அப்பா இல்லை. அம்மா ஊரில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். தம் மொழியைத் தவிர வேறு அறியாதவர். ஒரே பிள்ளை கண்காணாத தேசத்தில் தங்கிவிடுகிறானே என்ற துக்கம் அவருக்கு. கல்யாணத்துக்கு வருவதோடு சரி, அப்புறம் அங்கே வந்து யாரோடு பேசுவது என்று மகனிடம் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்கு உறக்கம் போயிற்று. சம்பந்தியை வாய் நிறைய வரவேற்காத குறை ஏழு தலைமுறைக்கும் பேச்சாக நிற்கும் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. அந்தம்மா மனசு விட்டுப்போய்த் திரும்பினால் தன் மகளுக்கு மாமியார் இல்லாமலே போய்விடும் என்று புலம்பினாள்.

"ஜஸ்ட் யூஸ் யுவர் போன், அம்மா. அதுவே டிரான்ஸ்லேட் பண்ணிடும்" என்றாள் மகள்.

"சம்பந்தியம்மா மூஞ்சிக்கு நேரா போனை நீட்டச் சொல்லுதியா? நல்லாருக்குடி மரியாதை."

வழி காட்டியவன் மாப்பிள்ளைதான். அம்மா காலையில் வானிலை கேட்காமல் வாய் திறக்கமாட்டார், கேட்டபிறகு யார் அகப்பட்டாலும் அதைப் பற்றித்தான் பேச்சு என்றான். அக்கா அதையே பிடித்துக்கொண்டாள். "தெனம் அதே வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருது தம்பி. சுப்ரபாதம் மாதிரி காதுலயே தங்கிருது" என்பாள் என்னிடம். வணக்கம், சௌக்கியமா போன்றவற்றைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவைத்தாள். பரீட்சைக்குப் படிக்கும்போதும் அவள் இப்படித்தான்.

விமான நிலையத்துக்குப் பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமுமாக வந்தாள். சம்பந்தியம்மா வெளியே வந்தார். நெட்டையான உருவம், இறுகிய உதடு, பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அக்கா முன்னே போய்க் கும்பிட்டாள். படித்த வணக்கமெல்லாம் பதற்றத்தில் பறந்துவிட்டது. "யூட்ரி போ ப்ரெதேஷ்னோ யாஸ்னோ" என்று ஆரம்பித்தாள். நாளை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அதோடு நிற்கவில்லை. பிற்பகலில் ஆங்காங்கே இடியுடன் மழை, மாலையில் வானம் தெளியும் என்று, அந்த வானொலிக்காரரின் ஏற்ற இறக்கத்தோடு முழு அறிக்கையையும் ஒப்பித்தாள். "அம்மா, ப்ளீஸ் ஸ்டாப்" என்று மகள் முந்தானையை இழுத்தாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

சம்பந்தியம்மா பையைக் கீழே வைத்தார். அக்காவையே பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் கேட்டார். "வேதெர்?"

காற்று எப்படி என்று கேட்கிறார். மாப்பிள்ளை மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள். "யூகோஸஹோட்னி." தென்மேற்கு.

அந்தம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் கையைப் பிடித்தவர் கார் வரைக்கும் விடவில்லை. ஃப்ரீவே முழுக்க அவர் பேசிக்கொண்டே வர, அக்காவுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. தெரிந்த வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு இடியையோ மழையையோ சேர்த்துக்கொண்டாள். வண்டி ஓட்டிய நான் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரே தமிழைப் பேசிக்கொண்டே வருஷக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்ட சம்பந்திகள் எங்கள் குடும்பத்தில் உண்டு. அவர்களையெல்லாம் அந்தக் காரில் ஏற்றிக் காட்டியிருக்க வேண்டும்.

இப்போது அக்கா அந்த வானொலியைக் கேட்பதில்லை. அறிக்கை சம்பந்தியம்மாவின் தோட்டத்திலிருந்தே வீடியோ காலில் வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள். பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. அவளைத் திரையில் பார்த்த சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துத் தமிழில் சொன்னார்.

"இங்க மழை விட்டுட்டு. நான் அங்க வாரேன்."

அந்த 'வாரேன்' அசல் திருநெல்வேலி.