இலையை மூடிய கை

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில் கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்ட அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். அந்த வருட ஆடித் திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்து வந்து எங்களோடு பந்தியில் சாப்பிட்டுப் போன ஒருவருக்கு இரண்டு வாரத்தில் காசநோய் என்று தெரிந்தது. சளியில் கிருமி இருந்ததாம். காற்றில் பரவும் நோய் என்பதால் சுகாதார அதிகாரி ஒருவர் தோட்டத்து மருந்தகத்துக்கு வந்தார்.

"இங்க யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்கா?" என்று கேட்டார்.

மருந்து கொடுக்கும் டிரெஸர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம கிராணியக் கேளுங்க லா. யாரு தும்முனாலும் அவரு டைரியில இருக்கும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. டைரியைப் புரட்டி, புகைக் கொட்டகையில் ரப்பர் தகடுகளைத் தொங்கவிடும் அக்காவின் பெயரைச் சொன்னேன். ஏழு வாரமாக இருமல், திருவிழாவில் சோறு பரிமாறியவரும் அவர்தான் என்றேன். நாளெல்லாம் புகையில் நிற்பவர் இருமாமல் என்ன செய்வார் என்று அப்போது தோன்றவில்லை. சன்னலுக்கு வெளியே மருந்துக்காக நின்றிருந்த பெண்கள் ஐந்து பேர்.

சாயங்காலத்துக்குள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் அவரிடமிருந்து தள்ளி நின்றார்கள். அவருடைய சளியை எடுத்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு முந்தைய நாள் அறிக்கை வந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. கிருமி இல்லை. மேலே 'சூலிட்', ரகசியம், என்று முத்திரை குத்தியிருந்தது. டிரெஸர் விடுப்பில் இருந்ததால் அதை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

மத்தியானம் அந்த அக்காவே வந்து வாசலில் நின்றார். "கிராணி ஐயா, ரிசல்ட் வந்துருச்சா? நாளைக்குப் பெருமாள் கோயில்ல நாந்தான் சோறு போடணும். பத்து வருஷ வேண்டுதல். இந்த மாசத்தோட முடியுது."

"திங்கக்கெழம டிரெஸர் சொல்வாரு" என்றேன்.

மறுநாள் பந்தியில் அவர் சோற்று வாளியோடு வந்தார். போதும் என்றால் இலைக்கு மேல் கையை விரிப்போம். அன்று ஒரு பருக்கை விழுவதற்கு முன்பே முதல் கை விரிந்தது. அடுத்ததும்.

"என்ன அண்ணே, அதுக்குள்ள வயிறு ரொம்பிருச்சா?"

"டயட்டு லா அக்கா!" என்று ஒருவன் சொல்ல, வரிசையே சிரித்தது.

வாளி என் முன்னால் நின்றது. அவருக்கு நோயில்லை என்று அந்தப் பந்தியில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் கையும் இலைக்கு மேல் போனது.

"ஐயா, உங்களுக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை டிரெஸர் எல்லாருக்கும் சொன்னார். நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா? இத சனிக்கெழம சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரகசியம்னு போட்டிருந்துச்சு."

"எம் பேரச் சொன்னப்ப அந்த ரகசியம் எங்க போச்சி ஐயா?"

நாலாம் சனிக்கிழமை காலையில் லயத்துப் பெண்கள் அவரைக் கூப்பிடப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவர் திரும்பி வரவில்லை. அன்று வேறொருவர் பரிமாறினார். சாப்பிடாமல் எழுந்து வந்தேன் என்று எழுத ஆசைதான். சாப்பிட்டேன்.