வேலூர் சாலையில் இழுத்துக்கொண்ட கால்

“வேலூர் வரைக்கும் வண்டியில குந்திகினு போவுமா இது? சுங்குவார்சத்திரம் தாண்டறதுக்குள்ள காலப் புடிச்சிகினு அழுவும் பாரு!”

1982 சித்திரை மாதம், ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்று சித்தப்பா சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சியும் முடித்திருந்தேன். வேலூரில் நேர்முகத் தேர்வு என்ற கடிதம் முந்தின நாள் மாலைதான் வந்தது. பஸ் மாறி மாறிப் போனால் பத்து மணிக்குள் சேர முடியாது. அண்ணன் தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவதாகச் சொன்னான்.

விடியும்போதே கிளம்பினோம். அம்மா நீட்டிய நீராகாரத்தை வேண்டாம் என்றுவிட்டேன். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காதே என்ற பயம். எங்கள் பக்கத்துப் பெண்கள் வெளியூர் கிளம்பினால் முந்தின இரவே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படியே செய்தேன்.

எல்லாப் பெண்களையும் போல ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் பெரிய சாலையைப் பிடித்துச் சிறிது தூரம் போவதற்குள் இடுப்பு திருகிக்கொண்டது. தொங்கிய கால் மரத்துப்போனது. வாயைத் திறந்தால் சித்தப்பா ஜெயித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தாமலுக்கு அருகே கெண்டைக்கால் சட்டென்று இழுத்துப் பிடித்தது. நான் போட்ட சத்தத்தில் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினான். இறங்கியவள் நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“திரும்பிடலாமா?” என்றான் அண்ணன்.

திரும்பினால் வேலை போச்சு. அதன்பிறகு வீட்டில் என் கல்யாணப் பேச்சுதான் நடக்கும்.

சாலையோரக் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடி வந்தார். என் காலை நீட்டித் தன் மடியில் வைத்து, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடித்தார். வலி மெல்ல இளகியது.

“காலைல இன்னா குடிச்ச?”

“ஒண்ணும் குடிக்கலக்கா.”

“ஏன், நோம்பா?”

நான் அண்ணன் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“அட, இதுக்கா! ஏம்பா, நீ அந்தாண்ட போய் வண்டியத் தொடச்சிகினு இரு” என்று அவனை விரட்டினார். பிறகு, தூக்கில் இருந்த மோர்க் கூழை என் கையில் கொடுத்தார். “வயிறு ரொம்பக் குடி. அதோ, வைக்கப் போரு பின்னால போய்ட்டு வா. ஒரு ஈ காக்கா வராது, நான் பாத்துக்கறேன்.”

திரும்பி வந்தபோதுதான் அவர் புடவையைக் கவனித்தேன். சேற்றில் இறங்குவதற்காக, கொசுவத்தைக் கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்னால் செருகியிருந்தார். நானும் என் நல்ல புடவையை அதே மாதிரி செருகிக்கொண்டு, இருபக்கமும் கால் போட்டு வண்டியில் ஏறினேன்.

அண்ணன் பதறினான். “இன்னாமா இது? பாக்கறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. அவங்களுக்கா கால் இழுக்குது?”

அந்த அக்கா சிரித்த சிரிப்பில் கழனியில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இரண்டு பாதமும் ஊன்றியதும் உடம்பே லேசானது. காவேரிப்பாக்கத்திலும் ஆற்காட்டிலும் நிறுத்தச் சொல்லிக் கொஞ்சம் நடந்தேன், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன், தண்ணீர் குடித்தேன். ஆற்காட்டு டீக்கடைப் பெஞ்சில் இருந்த ஒருவர், “சவாரி பலமா கீதே!” என்று கூவினார். “டீச்சரு வேலைக்குப் போவுதுய்யா!” என்று அண்ணனே திருப்பிக் கொடுத்தான்.

பத்து மணிக்குச் சற்று முன்பு சேர்ந்தோம். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உள்ளே நடந்தேன். வேலை கிடைத்தது.

அந்த அக்காவைப் பிறகு நான் பார்க்கவில்லை. ஆனால் உடம்பு கேட்பதைக் கொடுக்கக் கூச்சப்படவே கூடாது என்பது அன்று முதல் எனக்குப் பாடமாகிவிட்டது. இப்போது நான் வேலை பார்க்கும் கிராமப் பள்ளியில், பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, மாலையில் விளையாடும்போது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வார்கள். காரணம் கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளிக்குப் பின்னால் கீற்றுத் தட்டி கட்டி அவர்களுக்கென்று ஒரு மறைவிடம் அமைத்துவிட்டோம். சென்ற திங்கட்கிழமை வகுப்பறையில் பெரிய மண்பானை ஒன்றும் வைத்தேன். மதியத்துக்குள் அது காலியாகிவிடுகிறது.