கடலில் நான் கீறிய கோடு

2009ஆம் ஆண்டின் கடைசி. மெல்பேர்ணின் மேற்கே, சன்ஷைனில் ஓர் அச்சகத்தில் பிரீபிரெஸ் வேலையில் இருந்தேன். வாடிக்கையாளர் தரும் ஃபைலைச் சரிபார்த்து அச்சுத் தகடான பிளேட்டுக்கு அனுப்புவது என் பொறுப்பு. முதலாளி ராஜன் அண்ணை, என்னைப் போலவே யாழ்ப்பாணத்தவர்.

ஸ்லோவேனியச் சங்கமும் குரோஷியச் சங்கமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து வைத்தன. குரோஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர முயன்றுகொண்டிருந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த சின்ன நாடான ஸ்லோவேனியா மாதக்கணக்கில் வழிமறித்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறு குடாவில் எல்லை எங்கே என்பதுதான் பிணக்கு. அதை நடுவர்களிடம் விடுவதாக இரு அரசுகளும் அப்போதுதான் ஒப்பந்தம் செய்திருந்தன. விருந்து அதற்காகத்தான். இரு நாட்டுத் தூதரகங்களிலிருந்தும் ஆட்கள் வருவதாக இருந்தது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை, நாங்கள் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் புத்தகங்களை எடுத்துப்போக ஸ்லோவேனியச் சங்கச் செயலாளர் யானெஸ் வந்தார். நடுப்பக்கத்தில் இரு நாடுகளின் வரைபடத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பேசியது ஆங்கிலம். என் தமிழில் எழுதுகிறேன்.

"குடாவுக்கு நடுவால இந்தக் கோட்டை ஆர் போட்டது?"

"நான்தான்" என்றேன்.

"இதை மேசையில வைச்சா எங்கட ஆக்கள் எழும்பிப் போயிடுவினம்."

ராஜன் அண்ணை மெஷினை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"வதனி, நீரே கீறினீரோ?"

"ஓம் அண்ணை. சங்கத்து ஆக்கள் தந்த படம் மங்கல். வேற ஒண்டைப் பார்த்துக் கீறினனான்."

"புறூவ் ஆருக்குக் காட்டினீர்?"

"மிலேனாவுக்கு மட்டும்."

மிலேனா குரோஷியச் சங்கத்தின் செயலாளர். புறூவில், அதாவது அடிக்குமுன் காட்டும் மாதிரித் தாளில், பெயர்களையும் சாப்பாட்டுப் பட்டியலையும் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றிருந்தார். எல்லைக் கோடு என்ன செய்யும் என்று தெரியாத ஊரிலிருந்து வந்தவள் அல்ல நான். அதுதான் அதிகம் சுட்டது. வேலை போய்விடும் என்றும் பயந்தேன்.

ராஜன் அண்ணை மிலேனாவுக்கு போன் போட்டார். அரை மணித்தியாலத்தில் மிலேனா வந்தார். கதிரையில் அமர்ந்து படத்தை நெடுநேரம் பார்த்தார். யானெஸ் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யானெஸ், இந்தக் கோடு எங்களுக்கு நல்லது" என்றார் மிலேனா. "நடுவால பிரிக்கச் சொல்லித்தான் நாங்கள் கேட்கிறம். இது இப்பிடியே போனா எங்கட ஆக்கள் கை தட்டுவினம்."

யானெஸ் வாசலிலிருந்து பார்வையைத் திருப்பினார். மிலேனா தொடர்ந்தார்.

"அதாலதான் இது வேண்டாம். நடுவர் முடிவு சொல்ல முதல் நாங்கள் கீறக் கூடாது. கோடு கரையோட நிக்கட்டும், கடலுக்குள்ள வேண்டாம்."

"குடாவுக்கு நீங்கள் ஒரு பேர் சொல்லுறியள், நாங்கள் ஒண்டு" என்றார் யானெஸ் மெதுவாக.

"பேரையும் எடுங்கோ."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கோட்டையும் பெயரையும் அழித்தேன். இருவரும் திரைக்கு முன்னால் தோளோடு தோள் நின்று பார்த்தார்கள். புது பிளேட் போட்டு, அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி அடித்துப் புத்தகங்களில் மாற்றினோம். பின்னேரம் மூன்று மணிக்குப் பெட்டிகள் இருவரின் கார்களிலும் பாதி பாதியாக ஏறின.

"திங்கட்கிழமை நேரத்துக்கு வாரும்" என்றார் ராஜன் அண்ணை. வேலை போகவில்லை என்பதை அவர் சொன்ன விதம் அது.

திங்கள் காலை மிலேனா போனில் சிரித்தார். "படத்தை ஒருத்தரும் பார்க்கேல்லை. எல்லாரும் இறைச்சியைத்தான் பார்த்தவை."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு தரப்புக்கு ஒரு வேலை செய்தால் புறூவில் இரண்டு கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்குத் தெரியாத இடத்தில் கோடு கீறாதீர்கள். கடலை வெறும் நீலமாக விட்டால் போதும்.