ராமையாவின் தலையாட்டல்

இப்படித்தான் ஆகும் என்று ராமையாவைக் கிள்ளான் முதியோர் இல்லத்தில் சேர்த்த அன்றே நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. என் வாக்கு பலிக்கும் என்று கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இன்று போனால், ஹாலில் எல்லோரும் பாட்டுக் கேட்கிறார்கள். என் நண்பன் மட்டும் அறையில், சக்கர நாற்காலியில், சுவரைப் பார்த்தபடி.

யார் பாட்டை ரசிக்கிறார்கள் என்று பார்த்து டேப்லெட்டில் பதிவது பர்மாக்கார மிஸ்ஸியின் வேலை; நர்ஸை இங்கே மிஸ்ஸி என்போம். அவரைப் பிடித்துக் கேட்டேன். மலாயும் அரைத் தமிழுமாகச் சொன்னார்:

"டியா தா சுக்கா லா, அங்கிள். அவருக்குப் பிடிக்கல. வந்த புதுசுல பாட்டு போட்டப்ப தலைய இப்படி இப்படி ஆட்டினாரு."

"ஐயோ மிஸ்ஸி! நம்ம ஆளுங்க பாட்டு பிடிச்சாத்தான் அப்படி ஆட்டுவாங்க!"

அவர் முகம் செத்துப்போனது. "மாசக்கணக்கா ரூம்லயே விட்டுட்டேனே, அங்கிள்."

உடனே ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். நாதஸ்வரம் போடச் சொன்னேன். ராமையாவின் தலை பழையபடி ஆடியது! ஹாலே எழுந்து கைதட்டியது. மிஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு 'சுக்கா', பிடிக்கும் என்று பதிந்தார்.

"இனி எப்ப பாட்டு போட்டாலும் இவரு இங்கதான், அங்கிள்."

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்தத் தலை தானாக ஆடவில்லை. இப்போதெல்லாம் அவன் எதற்கும் அசைவதில்லை. பின்னால் நின்று நாற்காலியை ஆட்டியது நான்தான்.

மிஸ்ஸியிடம் போட்டுக்கொடுக்க நினைப்பவர்கள் கமெண்டில் பெயரைப் போட்டுவிட்டுப் போகலாம்.